குப்பி கொடுத்தவன் ரிப்பீட் எழுதுவது ஏன்?

இலங்கைப் பல்கலைக்கழகங்களில் பரீட்சை நெருங்கும்போது நடக்கும் ஒரு வகுப்புக்குக் கால அட்டவணையில் இடம் கிடையாது. அதன் பெயர் குப்பி. பாடம் விளங்கிய ஒருவர், விளங்காத பத்துப் பேரைச் சுற்றி இருத்திவைத்துச் சொல்லிக்கொடுப்பார். மண்ணெண்ணெய்க் குப்பி விளக்கைச் சுற்றியிருந்து படித்த காலத்தில் வந்த பெயர் என்பார்கள். (எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்குக் கனத்த இன்னோர் அர்த்தமும் ஒரு காலத்தில் இருந்தது. இப்போதுள்ள பிள்ளைகளுக்கு அது படிப்பு மட்டும்தான். அப்படியே இருக்கட்டும்.)

திருகோணமலையில் பல்கலைக்கழக வளாகத்துப் பிள்ளைகள், டிப்ளோமா செய்பவர்கள், வெளிவாரிப் பட்டத்துக்குப் படிப்பவர்கள் என்று பலரும் உப்புவெளி, நிலாவெளி வீதியோரத்து வாடகை அறைகளில் குப்பி வைப்பதைப் பல வருடங்களாகப் பார்த்துவருகிறேன். சிலருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போய், அவர்களுடைய படிப்புக் கவலைகளுக்கும் காது கொடுக்கிற ஆளாகிவிட்டேன். அங்கே ஒரு விசித்திரம் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. குப்பியில் கொடிகட்டிப் பறக்கும் ஒருவர், தான் சொல்லிக்கொடுத்த அதே பாடத்தில் கோட்டைவிட்டு, அதற்கு ரிப்பீட் (மறுபரீட்சை) எழுதிக்கொண்டிருப்பார். அவரிடம் கேட்டுப் படித்தவர்களுக்கு ஏ, பி. அவருக்கு சி கூட வராது. பஞ்சி, பரீட்சைப் பயம், கையெழுத்துச் சரியில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அவரும் அதில் ஒன்றை நம்பிக்கொண்டிருப்பார்.

காதால் கேட்டு வாயால் சொல்லும்வரை எல்லாம் சரி, தாளும் பேனையும் வந்ததும் ஆள் கவிழ்ந்துவிடுகிறார் என்றால், கற்றல் இடர்பாடு ஒன்று உள்ளே இருக்கலாம் என்று சந்தேகிக்க இடமுண்டு. இது புதிய கண்டுபிடிப்பல்ல. 1896இல் பிரிங்கிள் மோர்கன் என்ற ஆங்கில வைத்தியர், பிரித்தானிய மருத்துவ இதழில் 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார். பையன் கெட்டிக்காரன், விளையாட்டிலும் சளைத்தவனல்ல. வாசிக்க மட்டும் வராது. படிப்பு முழுவதும் வாய்மொழியாக நடந்தால் பள்ளிக்கூடத்திலேயே இவன்தான் முதலாவதாக வருவான் என்று அவனுடைய வாத்தியாரே சொன்னதாக அந்தக் குறிப்பில் இருக்கிறது. குப்பி கொடுத்து ரிப்பீட் எழுதுகிறவருக்கு இதைவிடப் பொருத்தமான நற்சான்றிதழ் கிடைக்காது.

‘கற்றல் இடர்பாடு’ என்ற பொதுப்பெயரை 1963இல் அமெரிக்கரான சாமுவேல் கேர்க் பரவலாக்கினார். அதற்குள் வாசிப்பில் வரும் டிஸ்லெக்சியா, எழுத்தில் வரும் டிஸ்கிராபியா, கணக்கில் வரும் டிஸ்கல்குலியா எல்லாம் அடங்கும். கவனக்குறைபாடு தனி வகை. ஆனால் பலருக்கு இவற்றோடு சேர்ந்தும் வரும். 2013இல் வெளியான அமெரிக்க உளமருத்துவக் கையேட்டின்படி, எந்த மொழியிலும் எந்தப் பண்பாட்டிலும் பள்ளி வயதுப் பிள்ளைகளில் 5 முதல் 15 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது. வளர்ந்தவர்களில் ஏறத்தாழ 4 சதவீதம். புத்திக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எழுத்தை ஒலியாக மாற்றும் வேலை மற்றவர்களுக்கு மூச்சு விடுவதுபோல நடக்கிறது. இவர்களுக்கு ஒவ்வொரு முறையும் கிணற்றில் தண்ணீர் அள்ளுவதுபோல நடக்கிறது. அள்ளி முடிப்பதற்குள் வாக்கியத்தின் தொடக்கம் மறந்துபோகும்.

அப்படியானால் இந்தப் பிள்ளைகள் உயர்தரம் வரை எப்படி வந்தார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்குப் பதில் தமிழ் எழுத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம். 247 எழுத்து என்று பயமுறுத்தினாலும், தமிழ் பெரும்பாலும் எழுதியபடியே வாசிக்கிற மொழி. ஒரு தடவை பிடிபட்டால், ஆறுதலாகவேனும் வாசித்துவிடலாம். ஆங்கிலம் அப்படியல்ல, ஒரே எழுத்துக்கூட்டம் ஒரு சொல்லில் ஓர் ஒலி, அடுத்த சொல்லில் வேறோர் ஒலி, இன்னொன்றில் ஒலியே இல்லை. 2001இல் வெளியான ஓர் ஆய்வில் இத்தாலி, பிரான்ஸ், இங்கிலாந்து நாடுகளைச் சேர்ந்த டிஸ்லெக்சியா உள்ள வளர்ந்தவர்களை ஒப்பிட்டார்கள். எழுதியபடி வாசிக்கும் மொழியான இத்தாலியனைப் பேசுகிறவர்கள் மற்ற இரு நாட்டாரையும்விட நன்றாக வாசித்தார்கள். மூளையைப் படம் பிடித்துப் பார்த்தால் மூன்று நாட்டவருக்கும் ஒரே இடத்தில்தான் செயற்பாடு குறைவாக இருந்தது. இடர்பாடு ஒன்றுதான், மொழி அதை மூடியும் வைக்கும், காட்டியும் கொடுக்கும்.

தமிழ் முழுவதுமாக மூடிவிடுவதும் இல்லை. ‘கெ’, ‘கே’, ‘கை’ எழுதும்போது பிறகு வரும் ஒலியின் குறி முன்னால் நிற்கிறது. ‘கொ’வில் அது இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறது. ‘கௌ’வில் உள்ள குறி ‘ள’ மாதிரியே இருப்பதால் கௌவா, கெ–ள வா என்று சொல் தெரிந்தவருக்குத்தான் தெரியும். ன, ண, ந; ல, ள, ழ; ர, ற. பேச்சில் பலருக்கு இவற்றுக்கு வித்தியாசமே இல்லை, எழுத்தில் மட்டும் உண்டு. அப்புறம், சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நீளும் பழக்கம். ‘வாசித்துக்கொண்டிருக்கும்போதெல்லாம்’ என்பது ஒரே சொல். மெதுவாக வாசிப்பவர் அதன் வாலுக்கு வரும்போது தலை போய்விட்டிருக்கும். வாயில் ‘வந்திட்டாங்க’, தாளில் ‘வந்துவிட்டார்கள்’ என்ற இரட்டை வழக்கு வேறு.

இவ்வளவையும் தாண்டி வந்தவர்கள் தங்களுக்கென்று சில உபாயங்களை வைத்திருப்பார்கள். தாய் வாசிக்க, கேட்டுப் பாடமாக்கியது. ரியூசன் வாத்தியார் திரும்பத் திரும்பச் சொன்ன மாதிரி விடைகள். முன் வாங்கில் இருந்து ஒரு சொல் விடாமல் கேட்டது. எங்கள் படிப்பு முறையில் வாய்க்கு இருந்த இடம் இவர்களைக் காப்பாற்றியது என்றே சொல்லலாம். அரிசியிலும் மணலிலும் விரலால் எழுதி, எழுத்தின் பெயரை உரக்கச் சொன்ன அரிவரிப் பழக்கத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 1930களில் அமெரிக்காவில் ஓர்ட்டன், கில்லிங்ஹம் இருவரும் வாசிப்பு வராத பிள்ளைகளுக்கென்று வகுத்த முறையின் ஒரு பகுதியும் இதுவே: விரலால் தடவு, வாயால் சொல், காதால் கேள்.

வளாகத்துக்குள் வந்ததும் இந்த உபாயங்கள் ஒன்றொன்றாகக் கழன்றுவிடுகின்றன. பல பாடங்கள் ஆங்கிலத்தில். மாதிரி விடை கிடையாது. வாரத்துக்கு நூறு பக்கம் வாசிக்கச் சொல்வார்கள். வாசித்தாயா என்று யாரும் கேட்கமாட்டார்கள். கணினி படிக்கிறவருக்கு ஒரு குறி மாறினால் நிரல் ஓடாது. கோணேசபுரி வளாகத்தில் சித்த மருத்துவமும் படிக்கலாம். அங்கே பழந்தமிழ்ப் பாடல்களோடு மல்லுக்கட்ட வேண்டும். விசேஷம் என்னவென்றால், பாடல் ஓசையோடு இருப்பதால் டிஸ்லெக்சியா உள்ளவருக்கு அதை மனப்பாடமாகச் சொல்வது உரைநடைப் பந்தியை வாசிப்பதைவிட எளிதாக இருக்கக்கூடும்.

இனி, பெயர் வைக்கும் பிரச்சினை. அதே மருத்துவக் கையேடு, பள்ளிக்கூடம் சரியாகக் கிடைக்காததால் வந்த குறை, வாழ்க்கை இடர்களால் வந்த குறை, பயிற்று மொழி தெரியாததால் வந்த குறை எல்லாவற்றையும் கழித்துவிட்டுத்தான் கற்றல் இடர்பாடு என்று சொல்லவேண்டும் என்கிறது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 2004 சுனாமி, 2006இல் மூதூர், சம்பூர் இடம்பெயர்வு, கிளிவெட்டி முகாமில் கழிந்த வருடங்கள், பிறகு கொரோனாவுக்கும் 2022 பொருளாதார நெருக்கடிக்கும் பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடங்கள் என்று எங்கள் மாவட்டத்துப் பிள்ளைக்கு எதைக் கழிப்பது? ‘முகாமில் படித்த பிள்ளை, அப்படித்தான் இருக்கும்’ என்று ஆசிரியர் சொன்னதோடு விசாரணை முடிந்துவிடும். அதே முகாமில், அதே வகுப்பில் படித்த தங்கச்சி எப்படிச் சரளமாக வாசிக்கிறாள் என்று யாரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால், முதலில் கேட்கவேண்டிய கேள்வி அதுதான்.

சட்டமும் பெரிய கைகொடுப்பதில்லை. இலங்கையின் 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்க மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், உடல் அல்லது உளத் திறனில் உள்ள குறையால் வாழ்க்கைத் தேவைகளை முழுதாகவோ பகுதியாகவோ தானே நிறைவேற்றிக்கொள்ள முடியாதவர் என்ற வகையில் வரைவிலக்கணம் சொல்கிறது. மூதூரிலிருந்து தனியே பஸ் பிடித்து வந்து, அறை எடுத்துச் சமைத்துச் சாப்பிட்டுப் படிக்கிற ஒருவர் அந்தச் சட்டைக்குள் புகமாட்டார். இந்தியாவின் 2016 சட்டம் தன் பட்டியலில் கற்றல் இடர்பாட்டைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. 2016இல் இலங்கையும் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை ஏற்று உறுதிசெய்தது. உயர்கல்வியில் நியாயமான வசதி செய்துகொடுக்க வேண்டும் என்பது அதன் 24ஆம் உறுப்புரையில் உண்டு. அது விரிவுரை மண்டபம் வரை வந்து சேர எத்தனை வருடம் ஆகுமோ.

அதுவரைக்கும் இருக்கவே இருக்கிறது பக்கத்தில் ஓர் ஆள். மென்டர் என்பதற்கு வழிகாட்டி என்று எழுதுகிறார்கள். எனக்கு ‘வழித்துணை’ என்ற சொல் பிடிக்கும். கைகாட்டி மரமும் வழிகாட்டிதான், ஆனால் அது கூட நடப்பதில்லை. அமெரிக்காவில் 1998இல் பிரவுன் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் ‘ஐ டு ஐ’ என்ற முயற்சியைத் தொடங்கினார்கள். கற்றல் இடர்பாடு உள்ள பல்கலைக்கழக மாணவர்கள், அதே இடர்பாடு உள்ள பள்ளிச் சிறுவர்களோடு வாராவாரம் உட்கார்ந்து சித்திரமும் கைவேலையும் செய்தார்கள். பாடம் படிப்பிக்கவில்லை. ‘எனக்கும் இதுதான், நான் இங்கே வரை வந்திருக்கிறேன்’ என்பதை அந்தப் பிள்ளை கண்ணால் காண்பதே அதில் பாதி வேலை. அந்த நாட்டில் சட்டம் எவ்வளவோ முந்தியே வந்துவிட்டது. ஆனாலும் பள்ளிக்கூடத்தில் கற்றல் இடர்பாடு உட்பட ஏதாவது ஓர் இயலாமை இருப்பதாக அடையாளம் காணப்பட்டு உயர்கல்விக்குப் போனவர்களில் 63 சதவீதத்தினர் தங்களுக்கு அப்படி ஒன்று இருப்பதாகவே கருதவில்லை என்றும், 28 சதவீதத்தினர்தான் கல்வி நிலையத்துக்கு அறிவித்தார்கள் என்றும் 2011இல் வெளியான தேசிய ஆய்வு கண்டது. அலுவலகக் கதவு திறந்திருந்தாலும் ஆள் உள்ளே போகமாட்டார். யாரோ ஒருவர் வெளியே வந்து பக்கத்தில் உட்காரவேண்டியிருக்கிறது.

எங்களிடம் அந்த யாரோ ஒருவர் ஏற்கெனவே இருக்கிறார்: அண்ணா, அக்கா, நானா, ராத்தா. குப்பி கொடுக்கிற சீனியர். அவர் செய்யவேண்டியதெல்லாம் பாடத்தைச் சொல்வதோடு நிற்காமல், பாடத்தை எப்படிக் கையாளுவது என்பதில் கொஞ்ச நேரம் செலவழிப்பதுதான். நான் பார்த்த ஒரு நல்ல தொடக்கம் இப்படி இருந்தது. மூன்றாம் வருட அக்கா, முதலாம் வருடத் தம்பி.

“அக்கா, எனக்கு எல்லாம் விளங்குது. எழுதத்தான் வருதில்ல.”

“சரி, எழுதாதீங்க. போனை எடுத்து எனக்குச் சொல்லுறமாதிரி சொல்லுங்க.”

அவர் பன்னிரண்டு நிமிடம் பேசினார். போன் அதைத் தமிழில் எழுத்தாக்கியது. ஏகப்பட்ட பிழை, ஆனால் மூன்று வாரமாக ஒரு வரி எழுதாதவரின் கையில் இரண்டு பக்கம் இருந்தது. அதை வெட்டி ஒட்டி அசைன்மென்ட் ஆக்குவது வேறு வேலை. வெறுந்தாளைப் பார்த்து நடுங்குவது அன்றோடு நின்றது.

இப்படியான வேலைகள் பெரும்பாலும் சின்னச் சின்னவை. முடிவுத் திகதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, 20ஆம் திகதி கொடுக்கவேண்டியதற்கு 17இல் திருத்தம், 12இல் முதல் வரைவு, 6இல் வாசிப்பு முடிவு என்று சுவரில் ஒட்டுவது. ஒரு கட்டுரையை முதல் வரியிலிருந்து வாசிக்காமல், தலைப்பு, படம், முடிவுரை பார்த்துவிட்டு உள்ளே போகப் பழக்குவது. விரிவுரையை அனுமதி கேட்டுப் பதிவு செய்து, கிண்ணியாப் பாலத்தைத் தாண்டி வீடு போய்ச் சேரும்வரை பஸ்ஸில் கேட்பது. பழைய வினாத்தாளை எடுத்து, விடை எழுதாமல், ‘இந்தக் கேள்வி என்ன கேட்கிறது?’ என்று மட்டும் பத்து தடவை பழகுவது. கேள்வியைத் தவறாக வாசித்து, கேளாததற்கு அருமையான விடை எழுதிவிட்டு வருவது இவர்களுக்கு அடிக்கடி நடக்கும் விபத்து.

சில வீண் மருந்துகளையும் சொல்லிவிடவேண்டும். நிறக் கண்ணாடித் தாளை வைத்து வாசித்தால் சரியாகும் என்பதற்குத் தக்க ஆதாரம் கிடையாது. ‘நீ பார்த்துக் கற்பவன், நீ கேட்டுக் கற்பவன்’ என்று ஆட்களைப் பிரிப்பதும் அப்படித்தான். பயன் தருவது என்று தெரிந்தவை சாதாரணமானவை: கூடுதல் நேரம், பெரிய எழுத்து, ஒன்றரை இடைவெளி, திரும்பத் திரும்ப நினைவுபடுத்திப் பார்ப்பது, எழுத்தைக் குரலாக்கும் கருவி. பிரித்தானியாவில் பரீட்சையில் வழமையாகக் கொடுப்பது 25 சதவீத மேலதிக நேரம். மூன்று மணித்தியாலப் பரீட்சைக்கு 45 நிமிடம்.  இங்கே கேட்டால், ‘அப்படியானால் எல்லாருக்கும் கொடுக்கவேண்டுமே’ என்பார்கள். மூக்குக்கண்ணாடியை எல்லாருக்கும் கொடுக்கிறோமா என்ன?

குரலாக்கும் கருவிக்கு எங்கள் ஊரில் ஒரு தனி எதிரி இருக்கிறான். பெயர் பாமினி. தமிழ்க் குறிப்புகள் இன்றும் நிறைய இந்தப் பழைய எழுத்துருவில்தான் தட்டச்சாகின்றன. திரையில் ‘அம்மா’ என்று அழகாகத் தெரியும். கணினிக்குள்ளே இருப்பதோ எம், கே, அரைப்புள்ளி, கே, எச். போனிடம் வாசிக்கச் சொன்னால் அதைத்தான் வாசிக்கும். எல்லாக் கருவிக்கும் விளங்கும் யூனிகோடு எழுத்துமுறைக்கு மாற்ற இலவச மாற்றிகள் உண்டு. ஐந்து நிமிட வேலை. ஒரு வழித்துணை தெரிந்துவைத்திருக்க வேண்டிய ஒரே தொழில்நுட்பம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். போட்டோக்கொப்பியின் போட்டோக்கொப்பியாக வந்த குறிப்புக்கு மட்டும் எந்த மாற்றியும் உதவாது. யாராவது உட்கார்ந்து வாசித்துப் பதிவு செய்துகொடுத்தால்தான் உண்டு.

அடுத்தது இரகசியம். திருமலை சின்ன ஊர். உப்புவெளிச் சந்தியில் ஒருவரிடம் சொன்னது, பஸ் கிண்ணியாவுக்குப் போகமுன்னம் அங்கே போய்ச் சேர்ந்துவிடும். வளாகத்துக்குள் ஒரு பட்டப்பெயர் விழுந்தால் நாலு வருடமும் ஒட்டிக்கொள்ளும். பகிடிவதைக்கு எதிராக 1998இலேயே சட்டம் வந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. பெண் பிள்ளையாக இருந்தால் கலியாணப் பேச்சு வரை போகும் என்று தாய்மார் பயப்படுவார்கள். அந்தப் பயத்தைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் வழித்துணையாக வருகிறவர் முதல் நாளே சொல்லவேண்டியது: ‘இது யாருக்கும் போகாது; நீங்கள் சொல்லச் சொன்னால் மட்டும் சொல்வேன்.’ ஒருவருக்கு என்ன பெயர் என்று முடிவு செய்வதும் அவருடைய வேலையல்ல. அது பயிற்சி பெற்ற உளவியலாளர் செய்வது. தமிழில் வளர்ந்தவர்களைப் பரிசோதிப்பது இலேசான காரியமுமல்ல. பெயர் வரும்வரை உதவி காத்திருக்கவேண்டும் என்பதில்லை. பின்னோக்கி நாள் எண்ணுவதற்குச் சான்றிதழ் தேவையில்லை.

எல்லை ஒன்று உண்டு. பாவம் பார்த்து அசைன்மென்டைத் தானே எழுதிக்கொடுத்துவிடுவது. அதிகமாக இடறுவது இங்கேதான், அதுவும் நல்ல மனம் உள்ளவர்கள். ல, ள பிழையைத் திருத்திக்கொடுக்கலாம்; வாதத்தைத் திருத்தினால் அது வேறு ஆளின் கட்டுரை. இரவு பதினொரு மணிக்கும் வட்ஸ்அப்பில் கேள்வி வந்தால் சீனியருக்கும் பரீட்சை இருக்கிறது என்று சொல்லத் தெரியவேண்டும். வாரம் ஒரு தடவை, ஒரு மணித்தியாலம், ஒரே இடம். அதற்கு மேல் போனால் இரண்டு பேரும் கவிழ்வார்கள்.

மெல்ல மெல்ல, பேசவேண்டிய இடத்தில் அந்த மாணவரே பேச வரவேண்டும். முன்பு சொன்ன தம்பி இரண்டாம் தவணையில் ஒரு விரிவுரையாளருக்கு மின்னஞ்சல் எழுதினார். அக்கா பக்கத்தில் இருந்தார், பேனை தொடவில்லை. நாலு வரி. ‘எனக்கு வாசிக்க மற்றவர்களைவிட நேரம் கூட எடுக்கும். போனில் போட்டுக் கேட்டால் நன்றாக விளங்கும். விரிவுரைக் குறிப்பை ஒரு நாள் முந்தி மென்பிரதியாக அனுப்பினால் உதவியாக இருக்கும். நன்றி, சேர்.’ இடர்பாட்டின் பெயரை எழுதவில்லை. அனுப்புவதா விடுவதா என்று இரண்டு நாள் வைத்திருந்துதான் அனுப்பினார்.

மறுநாள் காலையிலேயே பதில் வந்தது. ‘தாராளமாக, தம்பி. இந்தத் தவணைக்கான எல்லாக் குறிப்பையும் இணைத்திருக்கிறேன்.’ இரண்டு பேரும் ஆவலோடு கோப்பைத் திறந்தார்கள்.

பாமினி.